போர்முனையிலும் இல்லறத்திலும்

சிறுமலையில் விளையும் வாழைத்தார்கள் குதிரைகளின் முதுகில் தோட்டம் விட்டு வருவதையும், அவை திண்டுக்கல் சந்தைக்கு வண்டியேறுவதையும் நாம் அறிவோம். அம்மலையின் அடிவாரத்து ஊர்களிலிருந்து இளைஞர் சிலர் படைக்குச் செல்வதும், முதியவராய்த் திரும்பி ஒரு தகரப் பெட்டியோடும் ஓய்வூதியப் புத்தகத்தோடும் திண்ணையில் அமர்வதும் நாம் அவ்வளவாகக் கவனியாத செய்திகள்.

அத்தகைய முதியவர் ஒருவர் நோயுற்றிருந்தபோது அவரைக் காணச் சென்றோம். மக்களின் திருமணப் படங்களுக்கு நடுவே, தடித்த மீசையுடைய படைத்தலைவர் ஒருவரின் படம் சுவரில் தொங்கியது. “இவர் யார்?” என்று வினவினோம். “எங்கள் சாம் பகதூர், சாமி. எழுபத்தொன்றில் எங்களுக்கெல்லாம் தலைவர்” என்றார் அவர். அருகில் நின்ற பேரனுக்கோ அப்பெயர் புதிது. தாத்தா போர் கண்டவர் என்பதும் புதிது. அன்று அச்சிறுவனுக்குக் கூறியதையே இங்கு நம் குடும்பங்களுக்கும் கூற விழைகிறோம்.

சாம் மானெக்ஷா 1914 ஏப்ரல் 3-ஆம் நாள் அமிர்தசரசில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். மகனும் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில விரும்பினார், தந்தை இசையவில்லை. அந்த மனத்தாங்கலில் 1932-இல் டேராடூனில் புதிதாய்த் தொடங்கிய இராணுவப் பயிற்சிக் கழகத்தின் முதல் அணியில் சேர்ந்தார். 1939-இல் சில்லூ என்னும் நங்கையை மணந்தார். மணமாகி மூன்றாண்டுகள் நிறையுமுன், தலைக்குழந்தை மழலை மொழியும் பருவத்தில், பர்மாப் போர்முனையில் நின்றார்.

1942 பிப்ரவரியில் சிட்டாங் ஆற்றருகே நடந்த சண்டையில் ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. அக்காலத்தில் இறந்தவர்க்கு இராணுவச் சிலுவை விருது அளிக்கப்படுவது வழக்கமன்று. ஆகவே, அவர் பிழைப்பது அரிதெனக் கருதிய தளபதி, தம் மார்பிலிருந்த விருதுப் பட்டையையே எடுத்து அவருக்கு அணிவித்தார். ஆயின் அவருடைய பணியாளான ஷேர் சிங் என்னும் சீக்கிய வீரர் அவரைக் கைவிடவில்லை. மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். பின்னாளில் நாடு முழுவதும் போற்றிய அவ்வாழ்வு, புகழ் நாடாத ஓர் எளிய வீரரின் கடமையுணர்வால் மீண்டது என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் குறையற்றவர் அல்லர். துடுக்கான பேச்சு அவருக்குப் பகைவரைத் தேடித் தந்தது. வெலிங்டனில் படை அதிகாரிகள் கல்லூரியின் தலைவராயிருந்த காலத்தில் விசாரணை ஒன்றுக்கும் உள்ளானார். குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு வெளிவந்தார். 1969-இல் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்.

1971 ஏப்ரலில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் பெருந்திரளாய் வந்துகொண்டிருந்தனர். படை உடனே புறப்பட இயலுமா என அமைச்சரவையில் பிரதமர் இந்திரா காந்தி வினவினார். இயலாது என்றார் மானெக்ஷா. மழைக்காலம் நெருங்குகிறது, ஆறுகள் பெருக்கெடுக்கும், படை ஆயத்தமாகவில்லை எனக் காரணங்களை அடுக்கினார். வேண்டுமாயின் பதவி விலகவும் ஒருப்பட்டார். இதனை அவரே பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். துப்பாக்கிக்கு முன் நிற்பதற்கு வேண்டும் துணிவு ஒன்று; நம்மை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லவர் முன் உண்மை உரைப்பதற்கு வேண்டும் துணிவு மற்றொன்று. முன்னது உடையார் பலர். இரண்டும் உடையார் சிலரே.

டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய போர் 16-ஆம் நாள் டாக்காவில் முடிந்தது. சரணடைதலை ஏற்கத் தாம் செல்லாது, களத்தில் படை நடத்திய ஜக்ஜித் சிங் அரோராவையே செல்லவிட்டார். சுமார் 93,000 பேர் சிறைப்பட்டனர். போருக்குப்பின் பேச்சுவார்த்தைக்காக லாகூர் சென்றபோது, அங்கு ஊழியர் ஒருவர் தம் தலைப்பாகையைக் கழற்றித் தம் காலடியில் வைத்ததாக அவர் சொல்வதுண்டு. அவ்வூழியரின் ஐந்து மைந்தரும் இந்தியாவில் சிறையிருந்தனராம். தாங்கள் நல்ல முறையில் நடத்தப்படுவதாகத் தந்தைக்கு மடல் எழுதியிருந்தனராம். பகைவன் வீட்டிலும் ஒரு தந்தை காத்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்த படைத்தலைவர் அவர்.

1973 சனவரியில் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷலாக உயர்த்தப்பட்டார். அதே மாதம் பொறுப்பினின்று விடுபட்டார். அதன்பின் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளை நம் நீலகிரியின் குன்னூரில், மனைவியோடும் தோட்டத்தோடும், வந்துபோகும் மகள்மார் இருவரோடும் பேரக்குழந்தைகளோடும் கழித்தார். அப்பதவிக்குரிய ஊதிய நிலுவை 2007-இல்தான் அவர் கைக்கு வந்தது. 2001-இல் சில்லூ அம்மையார் மறைந்தார். 2008 ஜூன் 27-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் அவரும் கண்மூடினார். இறுதிச் சடங்கிற்கு நாட்டின் பெருந்தலைவர்கள் வரவில்லை என்ற குறை அப்போது எழுந்தது. ஆயினும் அவர் சேரவேண்டிய இடம் ஒன்றே. உதகை பார்சிக் கல்லறையில், அறுபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவும் கேட்ட பின் அச்சிறுவன் படத்தை நோக்கவில்லை, கட்டிலை நோக்கினான். “தாத்தா, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்றான். முதியவர் தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து அமர்ந்தார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் பயிற்சி பெற்ற நாளையும், பனிக் காலையில் ஓடிய ஓட்டத்தையும், ஊரிலிருந்து மடல் வராத மாதங்களையும் சொல்லத் தொடங்கினார். அவருடைய மனைவியார் அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்று கேட்டார். அவருக்கும் அவற்றுட் பல புதியவை போலும்! நாம் விடைபெற்றபோது பேச்சு முடிந்திருக்கவில்லை.

அன்புக் குடும்பங்களே, பீல்டு மார்ஷலின் கதையை எழுத நூல்கள் உண்டு. நம் திண்ணையில் இருப்பவரின் கதைக்கு நாமே ஏடு. ஓய்வூதியம் வந்ததா என்று மாதந்தோறும் அவரைக் கேட்கிறோம். எங்கே நின்றீர்கள், யாரை இழந்தீர்கள், எங்களை எண்ணி எத்தனை இரவுகள் விழித்திருந்தீர்கள் என்று ஒருமுறையேனும் கேட்டோமா? அவர் மறுமொழி கூற வல்லவராய் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.