ஈஸ்ட் ஏன் நூலாக நீள்கிறது?

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்குக் கால் கிடையாது. சுற்றியுள்ள நைட்ரஜன் சத்து தீர்ந்துபோனால் அது எங்கே போகும்? நீளும். முட்டை வடிவச் செல்கள் நீண்டு, பிரிந்த பின்னும் ஒன்றையொன்று விடாமல், சங்கிலியாகப் புதிய இடம் தேடி அகார் என்ற வளர்ப்புக் கூழுக்குள் புகும். 1992இல் அமெரிக்காவில் ஜெரால்டு ஃபிங்க் குழு இதை விரிவாகக் காட்டியது.

எப்படி? பட்டினிச் செய்தி உட்கருவுக்குப் போக முக்கியமாக இரண்டு பாதைகள். ஒன்றின் முனையில் எஸ்டிஇ12, டிஇசி1 என்ற புரதங்கள். மற்றதன் முனையில் எஃப்எல்ஓ8. இரண்டும் எஃப்எல்ஓ11 என்ற மரபணுவைத் தூண்டுகின்றன. அது தரும் புரதம்தான் செல்களை ஒட்டவைக்கும் பசை. உலகெங்கும் ஆய்வகங்களில் வளரும் எஸ்288சி வகை நூலாக நீளாது. அதன் எஃப்எல்ஓ8 பழுதானது. ஆய்வாளர்கள் பார்த்துப் பழகிய ஈஸ்ட், காட்டுக் குணத்தை இழந்த ஈஸ்ட்!

மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்குப் பெங்களூரிலேயே அழகான சான்று உண்டு. இன்ஸ்டெம் நிறுவனத்தில் சுனில் லக்ஷ்மண் குழு, குளுக்கோஸ் குறைந்த தட்டில் ஈஸ்டை வளர்த்தது. ஒரே மரபணுக்கள் கொண்ட செல்கள் இரு கூட்டமாகப் பிரிந்தன. ஒன்று ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தயாரித்தது. மற்றது அதை உண்டு வளர்ந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது.

நூலாக நீளும் கதைக்குத் திரும்பினால், மனிதருக்கு நோய் தரும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையிலும் இதே போன்ற இரண்டு பாதைகள்தான். அவற்றின் முனைகளில் உள்ள சிபிஹெச்1, இஎஃப்ஜி1 என்ற மரபணுக்கள் இரண்டையும் நீக்கியபோது அது நூலாக நீளவில்லை, எலிகளையும் கொல்லவில்லை.