வெளியூர்க்காரரும் ஆயுள் கணக்கும்

வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி, 1693-இல் மனித ஆயுளுக்கு ஓர் அட்டவணை போட்டார். லண்டன், டப்ளின் நகரங்களின் இறப்புப் பதிவுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவற்றை ஒதுக்கினார். அங்கே இறந்தவர்களில் பலர் வெளியூரில் பிறந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைச் சேர்த்தால் கணக்கு கோணும். வந்தேறிகள் குறைவாக இருந்த பிரெஸ்லாவ் நகரத்தில், காஸ்பர் நோய்மான் என்ற பாதிரியார் 1687 முதல் 1691 வரை தொகுத்த பதிவுகளே அவருக்குப் பிடித்தன. இன்று போலந்தில் இருக்கும் ஊர் அது.

அந்த அட்டவணையில் இருபது வயதில் 598 பேர் இருக்கிறார்கள், இருபத்தொன்றில் 592 பேர். குறைந்த ஆறு பேர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஏறக்குறைய ஆறு பேர் குறைவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது! ஆயுள் காப்பீடு முழுவதும் நிற்பது இந்த ஒற்றை வியப்பின் மேல்தான். அந்த ஆறு குடும்பங்களுக்கான பணத்தை எல்லோருமாகப் பகிர்ந்து கட்டுவதுதான் பிரீமியம்.

ஹாலியை உறுத்திய சிக்கல் இன்னும் தீரவில்லை. உடல்நலம் உள்ளவர்களே பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார்கள். நோய் முற்றினால் சிலர் சொந்த ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இறப்பு வேலை பார்த்த நாட்டின் பதிவில் ஏறுவதே இல்லை. வெளிநாட்டவர் பாலிசி கேட்டால் என்ன விசா, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், எந்தெந்த நாட்டுக்குப் போவீர்கள் என்றெல்லாம் துருவிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றையும் மறைக்கவும் வேண்டாம். மறைத்தது பின்னால் தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

கணக்கில் மட்டுமல்ல, காப்பிலும் வெளியூர்க்காரர் விடுபடுவதுண்டு. சிங்கப்பூரையே பாருங்கள். சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கணக்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டம் உண்டு. அறுபது வயது வரை 70,000 வெள்ளி காப்பு. ஒர்க் பெர்மிட்டில் கட்டடம் கட்டும் நம் ஊர்ப் பிள்ளைக்கு அது கிடையாது. வேலைக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் அவருக்கும் உண்டுதான். ஆனால் விடுமுறை நாளில் வேலைக்குத் தொடர்பில்லாத மாரடைப்பு வந்தால் அது கைகொடுக்காது. மாதாமாதம் அவர் அனுப்பும் பணத்தை நம்பி ஊரில் நாலு பேர் இருக்கும்போது இது சின்ன ஓட்டை அல்ல.

அப்படிப்பட்டவருக்கு, சேமிப்பைக் கலக்காத டேர்ம் பாலிசிதான் முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. கையெழுத்திடும் முன் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை: பெர்மிட் முடிந்து ஊர் திரும்பினாலும் பாலிசி தொடருமா? பணம் எந்த நாணயத்தில் வரும்? திருவாரூரில் இருக்கும் நாமினி, சிங்கப்பூர் போகாமலே இழப்பீடு கோர முடியுமா, அதற்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்கி, பாலிசி நகலோடு நாமினிக்கும் அனுப்பிவிட வேண்டும்.