அறியாமை யாருடையது?

நோயும் ஊரும் – 9

மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருத்துவமனையும் இருக்கிறது. ஆனாலும் நோயாளி சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்; சில மாதங்களில் இறந்தும் போகிறார். ஏன் என்று கேட்டால், ஏழை நாடுகள் எங்கும் மருத்துவத் துறையிடம் ஆயத்தமாக இருக்கும் பதில் ஒன்றுதான்: அறியாமை, மூடநம்பிக்கை. இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொள்வது பொதுச் சுகாதாரத்தின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். அதைச் சோதிப்பதுதான் மருத்துவ மானிடவியலாளரின் முதல் வேலை. நோய் குடியிருக்கும் ஊரின் மக்களைச் சேர்த்துக்கொள்ளாமல் அந்த வேலையைச் செய்யவும் முடியாது. பால் ஃபார்மரின் வாழ்நாள் பணி இதற்கு வலுவான சான்று.

1959-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த ஃபார்மர், ஹார்வர்டில் மருத்துவமும் மானிடவியலும் சேர்த்துப் படித்து 1990-ல் இரண்டிலும் பட்டம் பெற்றவர். படிப்புக் காலத்தின் பெரும்பகுதியை அவர் கழித்தது வகுப்பறையில் அல்ல. ஹைட்டி நாட்டின் மத்திய மேட்டுநிலத்தில் உள்ள கான்ஜ் என்ற சிற்றூரில். அந்த ஊர் உருவானதற்கே ஒரு காரணம் உண்டு. 1950-களில் ஆர்ட்டிபொனிட் ஆற்றின் குறுக்கே பெலிக்ர் அணை கட்டப்பட்டபோது, பள்ளத்தாக்கின் வளமான நிலங்கள் நீரில் மூழ்கின. விளைநிலத்தை இழந்த உழவர்கள் மேலேறிக் கல்லும் கரடுமான சரிவுகளில் குடியேறினார்கள். மின்சாரம் தொலைவில் இருந்தவர்களுக்குப் போனது. பசி இவர்களிடம் தங்கியது. காசநோய் ஏன் இங்கே இவ்வளவு பேரைக் கொல்கிறது என்ற கேள்விக்கு நுண்ணோக்கியில் தெரியும் கிருமி பாதி விடைதான். மீதி விடை அந்த அணையில் இருக்கிறது. மக்களின் வரலாற்றைக் கேட்டறிந்த ஆய்வாளருக்கே அது தெரியவரும்.

1987-ல் ஃபார்மரும் நண்பர்களும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில், இலவச மருந்து கொடுத்தும் காசநோயாளிகள் சிலர் இறந்துபோனதால், காரணம் என்ன என்ற விவாதம் கான்ஜில் எழுந்தது. படித்த மருத்துவப் பணியாளர்களில் பலர், மக்கள் இந்த நோயைச் செய்வினை என்று நம்புகிறார்கள், அதனால் மாத்திரையை மதிப்பதில்லை என்றார்கள். அந்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்த சுகாதாரப் பணியாளர்களோ, வறுமை முற்றிய வீடுகளில்தான் சாவு விழுகிறது என்றார்கள். ஃபார்மர் இரண்டு கருத்துகளையும் ஆய்வுக்குரிய கருதுகோள்களாக எடுத்துக்கொண்டார். ஒரு பிரிவு நோயாளிகளுக்கு இலவச மருந்து மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு மருந்தோடு சத்துணவு, முதல் சில மாதங்களுக்கு மாதம் 30 டாலர் அளவில் உதவித்தொகை, போக்குவரத்துச் செலவு, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஊர்ப் பணியாளர் ஆகியவையும் சேர்ந்தன. முதல் பிரிவில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் குணமடைந்தார்கள். இரண்டாம் பிரிவில் எல்லோரும் குணமடைந்தார்கள். செய்வினையை நம்பினார்களா இல்லையா என்பதற்கும் குணமானதற்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. விடையை அறிந்திருந்தவர்கள் அந்த ஊர்ப் பணியாளர்களே. சமூகம் பங்கேற்கும் ஆய்வு என்பதன் பொருள் இதுதான். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவது பங்கேற்பு ஆகாது. என்ன கேள்வி கேட்பது என்று முடிவு செய்யும் இடத்தில் மக்கள் இருக்க வேண்டும்.

இது சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழுக்கள் அல்ல, அசாதாரண ஊக்கம் கொண்ட ஒரு குழு செய்த வேலை என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். அதனால்தான் பிற இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பெரு நாட்டின் லிமா நகர் ஏழைக் குடியிருப்புகளில், பல மருந்துகளுக்கு அடங்காத காசநோயை இதே துணைநிற்கும் முறையில் ஃபார்மரின் சகாக்கள் எதிர்கொண்டார்கள். நான்கு மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை பெற்றவர்களில் 83 சதவீதம் பேர் குணமானதாக 2003-ல் முடிவு வெளியானது. எச்.ஐ.வி. விஷயத்தில் சான்று இன்னும் கூர்மையானது. ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, கூட்டு மருந்துகளை அவர்களால் ஒழுங்காகச் சாப்பிட முடியாது என்று 2001-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் துறைத் தலைவரே பேசினார். 2006-ல் பல ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, மருந்தைப் போதிய ஒழுங்கோடு சாப்பிட்டவர்கள் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம். அறியாமை என்று எதைச் சொன்னார்களோ, அது சொன்னவர்களிடம்தான் இருந்தது.

இன்னொரு மறுப்பு நம் ஊரிலிருந்தே எழலாம். 1956-ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்ற காசநோயாளிகளும், நெருக்கடியான வீடுகளில் எளிய உணவோடு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தார்கள் என்று காட்டியது. அப்படியானால் உணவும் உதவியும் எதற்கு? அந்த ஆய்வின் நோயாளிகள் தனியாக விடப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. மருந்து தடையின்றிக் கிடைத்தது. பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். மாத்திரை உள்ளே போகிறதா என்பது தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. துணை இருந்தால் ஏழையும் குணமாவார் என்பதையே அதுவும் சொல்கிறது. உணவின் பங்கைத் தனியே சோதித்த ஜார்க்கண்ட் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. குலுக்கல் முறையில் நடந்த அந்த ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அறியாமைக் குற்றச்சாட்டையும் இந்திய ஆய்வு ஒன்று எப்போதோ அசைத்துவிட்டது. பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஆராய்ந்து 1963-ல் வெளியிட்ட முடிவு இது: காசநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே அரசு மருத்துவ நிலையங்களுக்குப் போயிருந்தார்கள். அங்கே நோய் கண்டறியப்படாமல் இருமல் மருந்தோடு திரும்பியவர்கள் ஏராளம்.

அப்படியென்றால் நம்பிக்கைகளுக்கு இடமே இல்லையா? உண்டு. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் சடங்கு வழியாகத் தொற்று பரவியது உண்மை. ஆனால் தடை உத்தரவு மட்டும் போட்டபோது மக்கள் உடல்களை மறைத்தார்கள். குடும்பத்தையும் சமயப் பெரியவர்களையும் கலந்து, மரியாதையும் பாதுகாப்பும் சேர்ந்த அடக்க முறையை மானிடவியலாளர்களின் உதவியோடு வகுத்த பிறகே ஒத்துழைப்பு கிடைத்தது. பண்பாடு ஒரு காரணமா என்பது ஒவ்வோர் இடத்திலும் கண்டறிய வேண்டிய விஷயம். முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு ஆய்வுக்குப் போவது அறிவியல் ஆகாது. மக்கள் பக்கம் நிற்கும் ஆய்வாளருக்கு நடுநிலை இருக்காது என்பாரும் உண்டு. ஆனால் நோயாளியைக் குறைசொல்லும் விளக்கமும் ஒரு பக்கம் நிற்பதுதான். அது நிறுவனத்தின் பக்கம். நடுநிலையைக் காப்பது ஆய்வாளரின் தூரம் அல்ல. தன் கருத்து பொய்யாகக்கூடிய விதத்தில் சோதனையை அமைக்கும் நேர்மை.

2022 பிப்ரவரியில் ருவாண்டாவின் புட்டாரோவில் 62 வயதில் ஃபார்மர் காலமானார். நம் நாட்டில் காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய உதவி, இப்போது 1,000 ரூபாயாகியிருக்கிறது. சரியான திசைதான். ஆனால் பணம் காலத்தில் கைக்கு வருகிறதா, யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை அந்தந்த ஊரின் பணியாளர்களும் நோயாளிகளுமே சொல்ல முடியும். இனி ஏதேனும் ஓர் அறிக்கையில் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்ற வரியைப் படித்தால், அதை அளந்தது யார், எந்த ஊரில், யாரிடம் கேட்டு என்று வினவுங்கள். விடை இல்லையென்றால் அந்த வரியை ஏற்காதீர்கள்.

(தொடரும்)