எழுதாமல் விட்ட வரி

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ‘இந்தியாவின் பிஸ்மார்க் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே ‘சர்தார் வல்லபாய் படேல்’ என்று பதில் வந்துவிடும். அந்த ஒரு மதிப்பெண் கேள்வியோடு ஒரு சித்திரமும் மனதில் தங்கிவிடுகிறது: துண்டு துண்டாகக் கிடந்த நாட்டை இரும்புக் கரம் கொண்ட ஒருவர் ஒன்றாக்கினார், பேச்சு உதவவில்லை, உறுதிதான் உதவியது. 1871-இல் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு பிரகடனம் ஆனதோடு பாடமும் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பேரரசு அதன் பிறகு 47 ஆண்டுகள் இருந்தது. அந்த 47 ஆண்டுகளைப் படிக்காமல் வலிமையான தலைவர் வேண்டும் என்று கேட்பவர்கள், தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்கிறார்கள்.

1862 செப்டம்பரிலிருந்து தொடங்குவோம். பின்னாளில் ஜெர்மன் பேரரசர் ஆன பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் அப்போது முடி துறக்கும் எண்ணத்தில் கடிதமே எழுதி வைத்திருந்தார். படையை விரிவாக்க அவர் கேட்ட பணத்துக்கு நாடாளுமன்றத்தின் கீழவை ஒப்புதல் தரவில்லை. பாரிஸில் தூதராக இருந்த 47 வயது ஓட்டோ வான் பிஸ்மார்க்கை அவசரமாக வரவழைத்தார்கள். வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாவிட்டாலும் ஆட்சியை நடத்திக் காட்டுகிறேன் என்றார் அவர். பதவி கிடைத்தது. ஒரே வாரத்தில் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, காலத்தின் பெரிய கேள்விகளைப் பேச்சும் பெரும்பான்மைத் தீர்மானங்களும் தீர்க்காது, இரும்பும் குருதியுமே தீர்க்கும் என்று பேசினார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்தப் பேச்சைத்தான்.

அதைவிட முக்கியமானது அவர் முன்வைத்த சட்ட வாதம். மன்னரும் நாடாளுமன்றமும் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல் நிற்கும் என்று பிரஷ்ய அரசியலமைப்பு சொல்லவில்லை. அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. அரசு இயந்திரம் ஒரு நாளும் நிற்க முடியாது. ஆகவே இடைவெளியை நிரப்பும் உரிமை மன்னருக்கே உண்டு. இதுதான் வாதம். இதை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் வரி வசூலானது, படைக்குச் செலவானது. 1863 ஜூனில் பத்திரிகைகளை முடக்கும் ஆணையும் வந்தது.

1864-இல் டென்மார்க்குடன் போர்; ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் கைக்கு வந்தன. 1866-இல் ஆஸ்திரியாவுடன் ஏழு வாரப் போர். அந்த ஆண்டு ஜூலை 3 அன்று கோனிக்ராட்ஸ் களத்தில் ஆஸ்திரியப் படை உடைந்தது. பிரஷ்யாவில் அன்றுதான் தேர்தல் நாளும்கூட. பழமைவாதிகள் பெரிய அளவில் வென்றார்கள். மீதமிருந்த தாராளவாதிகள், நான்கு ஆண்டுகளாக ‘சட்டப்படி இது தவறு’ என்று பேசிவந்தவர்கள், வெற்றி ஊர்வலத்தின் முன்னால் வாயடைத்துப் போனார்கள். பிஸ்மார்க் அவர்களிடம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்: ஒப்புதல் இல்லாமல் செய்த செலவுக்கு முன்தேதியிட்ட ஒப்புதல். 1866 செப்டம்பர் 3-இல் அது 230-க்கு 75 என்ற வாக்கில் நிறைவேறியது.

ஜெர்மன் வரலாற்றில் 1871 ஜனவரியைவிட இந்த நாளையே நான் பெரிதாக நினைக்கிறேன். அன்று யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. யார் தலையிலும் துப்பாக்கி வைக்கவில்லை. விளைவு நன்றாக இருந்தால் வழிமுறையைக் கேட்க வேண்டாம் என்று மக்கள் பிரதிநிதிகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அவருக்குரிய பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. கோனிக்ராட்ஸ் வெற்றிக்குப் பிறகு மன்னரும் தளபதிகளும் வியன்னா வரை போக வேண்டும் என்று துடித்தார்கள். நிகோல்ஸ்பர்க்கில் பிஸ்மார்க் அவர்களோடு மல்லுக்கட்டி நிறுத்தினார். ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யா ஒரு காணி நிலம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 13 ஆண்டுகளில் அதே ஆஸ்திரியா ஜெர்மனியின் கூட்டாளி ஆனது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர் அவர். அந்த அறிவு அவருடைய மண்டைக்குள் இருந்தது, சட்டத்தில் இல்லை.

அவர் வேலை செய்த விதத்தைக் கிட்டத்தில் பார்க்க 1870 ஜூலை 13 போதும். மன்னர் வில்ஹெல்முக்கு அப்போது 73 வயது. எம்ஸ் என்ற ஊற்றுநீர் ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பக் கிளையைச் சேர்ந்த இளவரசர் ஒருவரின் பெயர் ஸ்பெயின் அரியணைக்கு அடிபட்டு, பிரான்ஸின் எதிர்ப்பால் கைவிடப்பட்டிருந்தது. காலை உலாவின்போது பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி மன்னரை வழிமறித்து, இனி எக்காலத்திலும் இந்தப் பேச்சு எழாது என்று உறுதி தரச் சொன்னார். மன்னர் மரியாதையாகவே மறுத்தார். இளவரசர் விலகிய செய்தி தமக்கும் உறுதியாகிவிட்டது, இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று பிறகு தம் துணை அலுவலர் வழியே சொல்லி அனுப்பினார்.

நடந்ததை விவரித்துப் பெர்லினுக்குத் தந்தி போனது. மாலையில் பிஸ்மார்க்கின் சாப்பாட்டு மேசையில் படைத்தலைவர் மோல்ட்கேயும் போர் அமைச்சர் ரோனும் இருந்தார்கள். பிரான்ஸோடு சமாதானம் ஆகிவிட்டதே என்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை. பிஸ்மார்க் பென்சிலை எடுத்து, புதிதாக எதையும் கலக்காமல், வெட்டி வெட்டிச் சுருக்கினார். விளக்கங்கள் போயின. தூதரை மன்னர் மீண்டும் பார்க்க மறுத்தார், சொல்ல ஒன்றுமில்லை என்று துணை அலுவலரை விட்டுச் சொல்லச் செய்தார் என்பது மட்டும் மிஞ்சியது. அன்றிரவே அது பத்திரிகையின் சிறப்புப் பதிப்பாக வீதிக்கு வந்தது. வெளிநாட்டுத் தலைநகரங்களுக்கும் போனது. பிரெஞ்சுக்குப் பெயர்த்தபோது அந்த ‘துணை அலுவலர்’ என்ற சொல், அவர்கள் படையில் கீழ்நிலை வீரரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தங்கள் தூதரை ஒரு சிப்பாயை விட்டு விரட்டினார்கள் என்று பாரிஸ் கொதித்தது. ஜூலை 19-இல் பிரான்ஸ் போர் அறிவித்தது. ஐரோப்பாவின் கண்ணில் போரைத் தொடங்கிய பழி பிரான்ஸ் மேல் விழுந்தது.

இந்தக் கதையைச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிஸ்மார்க்கே தம் நினைவுக் குறிப்புகளில் அப்படித்தான் சொன்னார். ஆனால் பிரஷ்ய மக்களும் அந்தச் சுருக்கத்தைத்தான் படித்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. எதிரியை ஏமாற்றிய அதே தாள், சொந்த மக்களையும் ஏமாற்றியது.

செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பிடிபட்டார். பாரிஸ் முற்றுகையில் பட்டினி கிடந்தது. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில், இளவரசர்களும் படை அதிகாரிகளும் சூழ, வில்ஹெல்ம் ஜெர்மன் பேரரசர் ஆனார். அதற்கு முன் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் அவரை அழைக்கும் கடிதத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் பிஸ்மார்க். ஹனோவர் அரச குடும்பத்திடமிருந்து பறிமுதல் செய்த சொத்திலிருந்து லுட்விக்குக் கமுக்கமாகப் பணமும் போனது.

பிரான்ஸ் 500 கோடி பிராங்க் தண்டம் கட்டியது. 1873-க்குள் கட்டி முடித்தும்விட்டது. பணம் கட்டினால் தீரும். அல்சேஸ்–லொரைன் தீரவில்லை. சுமார் 15 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த நிலத்தை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். நிகோல்ஸ்பர்க்கில் தளபதிகளை நிறுத்திய பிஸ்மார்க், இங்கே அவர்களோடு போனார். அதற்குப் பிறகு பிரான்ஸ் ஜெர்மனிக்கு எதிராக எந்த நாட்டோடும் சேரத் தயாராக இருந்தது.

இனி அரசியலமைப்புக்கு வருவோம். 25 வயது ஆன ஆண்கள் அனைவருக்கும் வாக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். அப்படித் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமான ரைஷ்டாக் சட்டங்களை நிறைவேற்றலாம், வரவுசெலவை விவாதிக்கலாம். ஆட்சியை நடத்தும் சான்சலரை மட்டும் நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர். 17-ஆம் பிரிவு, ஆணைகளில் கையெழுத்திடுவதன் மூலம் சான்சலர் பொறுப்பேற்கிறார் என்கிறது. யாருக்குப் பொறுப்பு? அந்த வரி எழுதப்படவில்லை. 1862-இல் பிஸ்மார்க் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தார். இப்போது தாமே ஓர் இடைவெளியைக் கட்டி, சான்சலராக அதற்குள் குடியேறினார்.

படேலோடு ஒப்பிடுவது இங்கேதான் உடைகிறது. சமஸ்தானங்கள் இந்தியாவில் இணைந்தபோதே அரசியல் நிர்ணய சபை தில்லியில் உட்கார்ந்திருந்தது. அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பு என்ற வரியை அது எழுதி வைத்தது.

இடைவெளிக்குள் இருந்துகொண்டு ஆள்பவருக்கு எப்போதும் ஒரு பகைவர் தேவைப்படுகிறார். முதலில் கத்தோலிக்கர். 1872-இல் ஏசு சபையினரை வெளியேற்றினார்கள். அடுத்து வந்த சட்டங்களை மீறியதாகப் பேராயர்களையே சிறையில் அடைத்தார்கள். 1874 தேர்தலில் கத்தோலிக்க மையக் கட்சி முன்பைவிட வலுத்தது. அடுத்து சோசலிஸ்டுகள். 1878-இல் பேரரசரைக் கொல்ல இரண்டு முயற்சிகள் நடந்ததைக் காரணம் காட்டி, அவர்களுடைய அமைப்புகளையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்தார். அந்த ஆண்டு அவர்கள் பெற்ற வாக்கு 4 லட்சத்து 37 ஆயிரம். பன்னிரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு, 1890-இல், 14 லட்சத்து 27 ஆயிரம். நாட்டிலேயே அதிக வாக்கு. இடையில், 1885 தொடங்கி, பிரஷ்யக் குடியுரிமை இல்லாத போலந்துக்காரர்களும் யூதர்களுமாக 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை எல்லைக்கு அப்பால் துரத்தினார்கள். நோய்க் காப்பீடு, விபத்துக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம் ஆகியவை வந்ததும் இதே காலம்தான். தொழிலாளிக்கு அவை உண்மையிலேயே நன்மை செய்தன. ஆனால் உரிமை கேட்ட வாயை அடைக்கவே அவை தரப்பட்டன. வாய் அடைபடவில்லை என்பதை அந்த 14 லட்சம் சொல்கிறது.

வெளியுறவிலும் இதே கதைதான். 1871-க்குப் பிறகு அவர் ஐரோப்பாவில் போரை விரும்பவில்லை. 1879-இல் ஆஸ்திரியாவுடன் உடன்படிக்கை. 1882-இல் இத்தாலியும் சேர்ந்தது. 1887 ஜூனில் ரஷ்யாவுடன் இரகசிய ஒப்பந்தம். பால்கனில் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று பகை. இரண்டுக்கும் வாக்குக் கொடுத்தார். ரஷ்யாவுக்குக் கொடுத்த வாக்கு ஆஸ்திரியாவுக்குத் தெரியாது. அதே நவம்பரில் ரஷ்யக் கடன் பத்திரங்களை ஜெர்மன் மத்திய வங்கி அடமானமாக ஏற்கக் கூடாது என்று தடுத்தவரும் அவரே. ரஷ்யா பணத்துக்குப் பாரிஸ் போனது. அவர் பதவியில் இருந்தபோதே கட்டு அவிழத் தொடங்கிவிட்டது.

பிஸ்மார்க் நீடித்திருந்தால் உலகப் போர் வந்திருக்காது, இளைய கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம்தான் எல்லாவற்றையும் கெடுத்தார் என்று சொல்வார்கள். அந்த இளைஞர் கையில் அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 28 ஆண்டுகள் நாடாளுமன்றத்திடமிருந்து பிஸ்மார்க்கைக் காத்த அதே ஏற்பாடு, 1890 மார்ச்சில் 31 வயதுப் பேரரசர் சொன்னதும் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஜூனில் ரஷ்ய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. 1894-இல் ரஷ்யாவும் பிரான்ஸும் கூட்டாளிகள். ரஷ்ய ஒப்பந்தத்தைக் கைவிடும் முடிவை எடுத்தவர்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மக்களுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததே தெரியாது. 1896-இல் பிஸ்மார்க் தாமே பத்திரிகை வழியாக அதை வெளிவிட்டார்.

அவர் 1898-இல் இறந்தார். அவர் கட்டிய வீட்டின் இரண்டு விரிசல்களும், மக்களைக் கேட்காமல் எடுத்த நிலமும் எழுதாமல் விட்ட வரியும், ஓர் ஊரில் சந்தித்தன. அல்சேஸில் சாபர்ன் என்ற சிறு நகரம். 1913 இறுதியில் ஓர் இளம் படை அதிகாரி, உள்ளூர் மக்களை இழிசொல்லால் குறிப்பிட்டு, அவர்களில் ஒருவனைக் குத்தினால் பணம் தருவேன் என்று புதிய சிப்பாய்களிடம் பேசினார். செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. மக்கள் தெருவில் கூடினார்கள். நவம்பர் 28 மாலை படை வெளியே வந்து, கண்ணில் பட்டவர்களைப் பிடித்துப் படைமுகாமின் நிலவறையில் அடைத்தது. பிடிபட்டவர்களில் நீதிமன்றத்திலிருந்து வீடு திரும்பிய நீதித்துறையினரும் இருந்தார்கள். டிசம்பர் 4 அன்று ரைஷ்டாக், சான்சலர் பெத்மான் ஹோல்வெக் மீது நம்பிக்கையில்லை என்று 293-க்கு 54 என்ற வாக்கில் தீர்மானித்தது. சான்சலர் பதவி விலகவில்லை. விலகச் சொல்லும் சட்டம் இல்லை. கைது செய்யச் சொன்ன படைத்தலைவரை இராணுவ நீதிமன்றம் ஜனவரியில் விடுவித்தது.

ஏழு மாதம் கழித்து, 1914 ஆகஸ்ட் 1-இல் ரஷ்யா மீதும் 3-இல் பிரான்ஸ் மீதும் பேரரசர் பெயரில் போர் அறிவித்தார்கள். ரைஷ்டாக் கூடியது ஆகஸ்ட் 4-இல். அதனிடம் கேட்டது போர்ச் செலவுக்கான கடனுக்கு ஒப்புதல் மட்டுமே.

‘சான்சலர் பதவியில் இருக்க ரைஷ்டாக்கின் நம்பிக்கை தேவை’ என்ற வரி 1918 அக்டோபர் 28 அன்று ஜெர்மன் அரசியலமைப்பில் சேர்ந்தது. அதற்குள் சுமார் 20 லட்சம் ஜெர்மன் வீரர்கள் இறந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பேரரசு முடிந்தது.