நீர் போன வழி – 9: ஒரு கைப்பிடி மணல்

கிளென் கேன்யன் அணைக்காக 1957-ல் அரிசோனா பாலையில் பேஜ் என்ற ஊர் முளைத்த கதை சென்ற வாரம் வந்தது. நினைவிருக்கும், நேராக வண்டி ஏறிவிடலாம்.

திறந்த டிரக். வறண்ட ஓடையின் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போய், செம்பாறைச் சுவரில் விழுந்த ஒரு கீறலுக்கு முன்னால் நிற்கிறது. அதுதான் மேல் ஆன்டிலோப் கேன்யனின் வாசல். இதற்கு நவாஹோ மக்கள் வைத்த பெயரின் பொருள், 'பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம்'. நிலம் அவர்களுடையது, அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது.

உள்ளே போனதும் வழிகாட்டி பயணிகளின் கைபேசியைக் கேட்டு வாங்கி, பாறையின் செம்மை சரியாகப் பதியும்படி கேமராவைத் திருத்திக் கொடுக்கிறார். கோடை நண்பகலில், சுமார் 120 அடி உயரத்துப் பிளவு வழியே வெயில் செங்குத்தாக இறங்கும். அப்போது தரையிலிருந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி வீசுவார். தூசி பட்ட இடத்தில் ஒளி தூணாக எழுந்து நிற்கும். எல்லாக் கேமராவும் தூணைத்தான் பார்க்கும். பார்க்க வேண்டியது அந்த மணலையும்தான்.

அந்தச் சுவர்களே ஒரு காலத்தில் மணல்மேடுகள். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், இங்கே பரந்து கிடந்த பாலைவனம் புதையுண்டு இறுகியதுதான் நவாஹோ மணற்கல். சுவரில் சாய்ந்து ஓடும் வரிகள் ஒவ்வொன்றும், மேட்டின் மறைவுப் பக்கத்தில் மணல் சரிந்து படிந்த தடம். அந்தச் சாய்வை அளந்தே அன்றைய காற்று வடக்கிலிருந்து வீசியது என்று சொல்கிறார்கள்.

சரி, மணல் எங்கிருந்து வந்தது? அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிக்கின்சனும் ஜார்ஜ் கெரல்ஸும் மணலுக்குள் சிர்க்கான் படிகங்களைத் தேடினார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம். தேயாது, எளிதில் சிதையாது. அதற்குள் சிக்கிய யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் படிகம் பிறந்த காலம் தெரிந்துவிடும். பொடியிலும் பொடியான ஒரு மணி, தன் பிறப்புச் சான்றிதழைத் தானே சுமந்து திரிகிறது!

அவற்றில் பல, 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதானவை. அந்த வயதுப் பாறை கண்டத்தின் மறுகோடியில், கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடரில் இருக்கிறது. 2003-ல் வெளிவந்த அவர்களுடைய முடிவின்படி, இந்தப் பாறையாகிய மணலில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்து வந்தது. 2,000 கிலோமீட்டருக்கும் மேல்! மலையைக் கரைத்த பேராறுகள் மணலை மேற்கே கொண்டுவந்து கொட்டின; வடகாற்று அதைத் தெற்கே தள்ளிக் குவித்தது. அந்த ஆறுகள் இன்று இல்லை. எட்டு வாரமாக நீரின் தடத்தைத் தேடிவரும் இந்தத் தொடருக்கு, நீரே இல்லாத பாலையின் சுவரில் இப்படி ஓர் ஆறு கிடைத்திருக்கிறது.

நீர் கொண்டுவந்ததை நீரே அறுத்தும் இருக்கிறது. மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் பெய்வது அத்தனையும் ஓடையில் திரண்டு, இந்த இடுக்குக்குள் வேகம் பிடிக்கும். சுவர்களை உண்மையில் அரைப்பது அந்த வெள்ளம் சுமந்துவரும் மணல். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தரைமட்டம் மாறுகிறது; போன மாதம் தலைக்கு மேலே இருந்த வளைவு இந்த மாதம் தோளில் இடிக்கலாம்.

1997 ஆகஸ்ட் 12-ன் வெள்ளம் பற்றி இந்த வாரம் எழுதுவதாகத்தான் இருந்தது. மணல் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அது கொண்டுபோன பதினொரு உயிர்களின் கதையை மிஞ்சிய நாலு வரியில் அடைப்பது முறையல்ல. அது நடந்தது கீழ் ஆன்டிலோப் கேன்யனில். அன்று பேய்மழை கொட்டியது பல மைல் தள்ளி, ஓடையின் மேற்பகுதியில். உள்ளே இறங்க அப்போது இருந்தவை மர ஏணிகள். இப்போது பாறையில் போல்ட் அடித்துப் பொருத்திய இரும்புப் படிகள். அந்தப் படிகளில் அடுத்த வாரம் இறங்கலாம்.

(தொடரும்)