தேய்ந்த முன்சக்கரத் தாங்கியைப் புதுக்குதல்

பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்குவோர் முதற்கண் நோக்குவது அதன் மேற்பூச்சினையும் எஞ்சினின் முழக்கத்தினையுமே. முன்சக்கரங்களைத் தாங்கி நிற்கும் உறுப்புக்களோ சேறும் பழங்கிரீசும் மூடிக் கண்ணுக்குப் புலனாகாமற் கிடத்தலின், அவை எத்துணைத் தேய்ந்துள்ளன என்று ஆராய்வார் மிகச் சிலரே. ஆயினும், வண்டி நேர்வழிச் செல்லுதலும், திருப்பத்திற் கட்டுக்கடங்கி நிற்றலும், ஏறியிருப்போரின் உயிருங்கூட இவ்வுறுப்புக்களையே சார்ந்துள்ளன. ஆதலின், இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையிற் பிறந்து, 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் முன்சக்கரத் தாங்கி தேயுமாற்றையும் அதனைப் புதுக்குமாற்றையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். கூரையுள்ளனவும் இல்லனவுமாக இவ்வகை வண்டிகள் 5 இலட்சத்திற்கு மேற் செய்யப்பட்டன. அவற்றிற்குரிய உறுப்புக்கள் இன்றும் புதியனவாக விலைக்குக் கிடைக்கின்றன; ஆதலால் இதனைச் செப்பனிடுதல் கைகூடாத காரியமன்று.

இத்தாங்கியின் அமைப்பு 1962-இற் புதிதாகத் தோன்றியதன்று. பின்னாளில், 1959-இல், மினி என்னும் சிறு காரைப் படைத்துப் பெரும்புகழ் எய்திய அலெக் இசிகோனிஸ் என்பார், மாரிஸ் கம்பெனியில் அமர்ந்திருந்த காலத்தில் இதன் மூலவடிவை வகுத்தனர். போர் முடிந்த பின்னர் 1947-இல் எம்.ஜி. ஒய் என்னும் காரில் அது வெளிப்பட்டது, 1955-இல் எம்.ஜி.ஏ. வழியாக எம்.ஜி.பி.-யை வந்தடைந்தது. வழியிற் சில உறுப்புக்கள் மாறினவெனினும் எலும்புக்கூடு ஒன்றே.

இனி அமைப்பை நோக்குவோம். வண்டியின் முன்புறத்திற் குறுக்கே ஓர் எஃகு விட்டம் செல்லுகின்றது. அதன் ஒவ்வொரு முனையின் கீழ்ப்புறத்தினின்றும் இரண்டு கைகள் வெளிநோக்கி நீளுகின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் தட்டின்மீது சுருள் ஸ்பிரிங் அமர்ந்து விட்டத்தைத் தாங்குகின்றது. மேற்புறத்திலுள்ள கைகளோ தனியுறுப்பல்ல. அதிர்ச்சியை அடக்கும் ஷாக் அப்சார்பரின் கைகளே அவை. ஓர் உறுப்பே இருதொழில் புரியும் இச்சிக்கனம் போற்றத்தக்கதே. மேற்கைகட்கும் கீழ்க்கைகட்கும் இடையே, கிங்பின் என வழங்கும் எஃகாணி சற்றே சாய்ந்து நிற்கின்றது. ஸ்டியரிங்கைத் திருப்புங்கால் ஆணி சுழலுவதில்லை; சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனையே, மேலும் கீழுமாகப் பொருத்தப்பெற்ற இரண்டு வெண்கலப் புஷ்களின் துணையால் அவ்வாணியைச் சுற்றித் திரும்புகின்றது. சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறியிறங்கும்போதோ, கிங்பின்னின் அடிக்கண் வழியாகச் செல்லும் குறுக்குப் போல்ட்டைப் பற்றி ஆணியே அசைந்தாடுகின்றது. தேய்வு தோன்றும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

மசகிடாத மாட்டுவண்டியின் அச்சு கிறீச்சிட்டுத் தன் குறையைத் தானே கூறும். கிங்பின் அங்ஙனம் கூறுவதன்று. ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உள. 3,000 மைலுக்கு ஒருமுறை அவற்றிற் கிரீஸ் ஏற்றுக என்பது செய்தோர் விதித்த விதி. சக்கரத்தை நிலத்தினின்று தூக்கிப் பாரத்தை நீக்கிய பின்னர் ஏற்றினாலன்றிக் கிரீஸ் அழுந்திய பக்கத்தை அடையாது. இவ்வெளிய தொண்டினைச் சில ஆண்டுகள் மறந்துவிடின், நீரும் மணலும் உட்புகுந்து வெண்கலத்தை அரிக்கின்றன. கீழ்ப்போல்ட்டு துருவேறித் தன் உறையோடு ஒட்டிக்கொள்ளுகின்றது. அதன்பின் அசைவு நிகழவேண்டிய இடத்தில் நிகழாது, போல்ட்டு கைகளின் துளையிலேயே உராய்ந்து, வட்டத்துளையை முட்டைவடிவாக்கி விடுகின்றது. ஓட்டத்தாற் கெடும் வண்டிகளினும் மறதியாற் கெடும் வண்டிகளே மிகுதி என்பது எமது கருத்து.

தேய்வை அறிதற்கு ஓர் எளிய வழியுண்டு. சக்கரத்தைத் தூக்கி, அதன் உச்சியையும் அடியையும் இருகைகளாற் பற்றி உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் தோன்றின், துணைவர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்க. ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கரத்தின் பேரிங்கிலுள்ளது. மறையாவிடிற் கிங்பின்னிலோ அடிப்போல்ட்டிலோ உள்ளது. விளக்கைப் பிடித்து உட்புறம் நோக்கின் எவ்விடம் அசைகின்றதென்பது கண்கூடாகும்.

நிற்க. பிரித்தலிற் பேராபத்து ஒன்றுண்டு. சுருள் ஸ்பிரிங் பல நூறு ராத்தல் விசையோடு ஒடுங்கியிருக்கின்றது. கட்டுத் தளருமாயின் அது பாய்ந்து எலும்பை முறிக்கவல்லது. ஆதலின் வண்டியை ஜாக்கி ஒன்றையே நம்பி நிறுத்தலாகாது; உறுதியான தாங்குகால்களின்மீது நிறுத்துதல் வேண்டும். ஸ்பிரிங் தட்டின் அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்கிய பின்னரே மேற்போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை அணுவணுவாக இறக்கி ஸ்பிரிங்கின் விசையை விடுவித்தல் முறை. பிரேக் உறுப்பினை அதன் ரப்பர்க் குழாயிலே தொங்கவிடாது கம்பியாற் கட்டுக. துருவேறிய கீழ்ப்போல்ட்டு சம்மட்டிக்கும் எண்ணெய்க்கும் இணங்காவிடில், கைக்கும் கிங்பின்னுக்கும் இடையே இருபுறமும் வாளால் அறுத்துவிடுதலே நன்று. கிங்பின் எப்படியும் புதியதாக வரவேண்டியதே. துளை கெட்ட கைகளும் அங்ஙனமே. முட்டைவடிவத் துளையிற் புதுப்போல்ட்டைச் செருகித் திருப்தியுறுவார் உளர். அவர் விரைந்தோடும் வண்டியில் தம்மை மட்டுமன்று, எதிர்வருவாரையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றனர்; அப்போல்ட்டு கைவிடின் சக்கரம் மடிந்து வீழும்.

இனி வேலையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். பழைய வெண்கலப் புஷ்களை அச்சுமுனையினின்று அழுத்தி நீக்கிப் புதியவற்றை அழுத்திப் புகுத்தினால் மட்டும் போதாது. இறுகப் புகுந்த புஷ் சிறிதே சுருங்கும்; அதன் உட்டுளை கிங்பின்னை ஏலாது. ரீமர் என்னும் கருவியாற் சீவி அளவாக்குதல் வேண்டும். மேற்புஷ் சிறிது, கீழ்ப்புஷ் பெரிது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சீவினால் இருதுளைகளும் மயிரளவு கோணக்கூடும். அம்மயிரளவே ஸ்டியரிங்கை இறுகச்செய்து, திருப்பத்தின்பின் சக்கரம் தானே நேராகும் இயல்பினைக் கெடுக்கும். ஆகவே ஒரு புஷ்ஷை வழிகாட்டியாகக் கொண்டு மற்றதைச் சீவும் நீண்ட ரீமரே இதற்கு உரியது. மேலும், புஷ்ஷிலுள்ள சிறு துளை நிப்பிளின் வழியோடு பொருந்தியுள்ளதா என்று கம்பியிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. பொருந்தாவிடில் எத்துணைக் கிரீஸ் ஏற்றினும் ஒரு துளியும் உட்செல்லாது. புதுக்கிய கிங்பின் முன்னையதினும் விரைந்து தேயும். முடிவில், எண்ணெய் தடவிய ஆணி கையழுத்தத்தாற் புகுந்து, ஆட்டமுமின்றிப் பிடிப்புமின்றிச் சுழலவேண்டும். மேல்கீழ் ஆட்டத்தை நீக்குதற்குப் பல்வேறு கனமுள்ள வாஷர்கள் உள, ஏற்றதொன்றைத் தேர்ந்திடுக. உரிய ரீமர் இல்லாதார் இவ்வொரு வேலையைக் கடைசற்காரரிடம் ஒப்புவித்தலே அறிவுடைமை. பழைய அச்சுமுனையைப் பெற்றுக்கொண்டு சீவிப் பொருத்தியதைத் தரும் வணிகரும் உளர்.

ரப்பர்ப் புஷ்களை மாற்றுதல் எளிது. கடினமான புதுவகைப் பிளாஸ்டிக் புஷ்களை நாடுவாரும் பலர். பந்தயத்திற்கு அவை பொருந்தலாம், சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பிற்கு அறிவிக்கும் அவற்றை யாம் விரும்புகிலேம். உலோகத்தோடு ஒட்டிய ரப்பர்ப் புஷ்களை இடுவோர், வண்டி தன் முழுப்பாரத்தோடு நிலத்தில் நின்ற பின்னரே நட்டுக்களை இறுதியாக இறுக்குக. தொங்குநிலையில் இறுக்கின் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு விரைவிற் கிழியும். ஷாக் அப்சார்பரின் கையைத் தூக்கித் தாழ்த்துங்கால் எதிர்ப்பின்றி ஆடுமாயின், அல்லது எண்ணெய் கசியுமாயின், அதனையும் மாற்றுக.

எல்லாம் பூட்டிய பின், ஆறு நிப்பிள்களிலும் பழுப்பற்ற கிரீஸ் மூட்டுக்களின் விளிம்பிற் பிதுங்கும்வரை ஏற்றுக. முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் ஓர் அங்குலத்தின் 16-இல் ஒரு பங்கு முதல் 32-இல் 3 பங்கு வரை ஒன்றையொன்று நோக்கி நெருங்கியிருக்கவேண்டும். அதனை அளந்து திருத்தாவிடிற் டயர்கள் சில நூறு மைல்களிலேயே ஒருபுறமாகத் தேயத் தொடங்கும். முதலோட்டத்தை வெறுமையான சாலையில் மெல்லத் தொடங்கி, வீடு திரும்பியதும் ஒவ்வொரு நட்டையும், அதன் பூட்டூசியையும் மறுபடி கையாற் றொட்டுப் பார்த்தல் வேண்டும்.