கார் நிறுத்துமிடமும் ஒரு சட்டப் பாடமே!

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அம்மா தொழிற்சாலையில் வேலை முடிந்து, பதினொன்றரை மணிக்கு ஜொகூர் பாருவிலுள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திரும்பினார். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் வேறொரு கார் நின்றது. பக்கத்து வீட்டில் இரண்டு நாள் தங்க வந்திருந்தவர்களின் கார் அது. அந்த நேரத்தில் யாரைப் போய் எழுப்புவது? அம்மா வெளியே கடை வரிசைக்குப் போனார். அங்கே காலியாக இருந்த ஒரே இடத்தையும் கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பிடித்து வைத்திருந்தார். அடுத்த தெருவில் காரை விட்டுவிட்டு, இருட்டில் தனியாக நடந்து வந்தார். நான் பல்கனியில் நின்று அவர் வரும்வரை வழிபார்த்துக் கொண்டிருந்தேன்.

“இந்த ஹோம்ஸ்டேயை எல்லாம் மொத்தமாகத் தடை செய்ய வேண்டும்” என்று கோபத்தில் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. காரணம் எனக்கும் தெரியும். பெரியம்மா தம் சிறிய வீட்டை இப்படித்தான் நாள் வாடகைக்கு விடுகிறார். அந்த வருமானத்தில்தான் அண்ணன் கல்லூரியில் படிக்கிறான்.

நான் ஆறாம் படிவ மாணவி. ஊராட்சி மன்றம் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அது எங்கள் வாசல்வரை வரும் விஷயம் என்று நினைத்ததில்லை. அடுத்த சில வாரங்கள் சட்டங்களைத் தேடிப் படித்தேன்.

முதலில் கட்டடத்துக்கு உள்ளே. இங்கே 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வகிப்புச் சட்டம் (சட்டம் 757) செல்லுபடியாகும். அதன் 70ஆவது பிரிவின்படி, வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட நிர்வாகக் கழகம் கூடுதல் துணைச் சட்டங்களை இயற்றலாம். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, 21 நாள் முன்னறிவிப்பும் நான்கில் மூன்று பங்கு வாக்குகளும் தேவை. விதியை மீறுவோருக்கு 200 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அடுத்தவர் இடத்தில் நிறுத்தப்பட்ட காருக்குச் சக்கரப் பூட்டும் போடலாம். அதை விடுவிக்கும் கட்டணமும் 200 வெள்ளியைத் தாண்டக்கூடாது.

நாள் வாடகையையே தடை செய்ய முடியுமா? கோலாலம்பூர் மோன் கியாராவிலுள்ள வெர்வ் சுவீட்ஸ் குடியிருப்பில் இந்தக் கேள்வி எழுந்து, வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ துணைச் சட்டத்தால் தடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது என்பது அதை எதிர்த்த உரிமையாளர்களின் வாதம். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சில நாள் தங்குபவர் குத்தகைக்காரர் அல்லர், தங்க அனுமதி பெற்றவர் மட்டுமே. ஆகவே அந்தப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உரிமையாளர்கள் முறைப்படி வாக்களித்தால் தடை செல்லும்.

அடுத்து, கட்டடத்துக்கு வெளியே. ஊராட்சி அரசாங்கம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் (சட்டம் 171) கீழ் மாநகர் மன்றம் உரிமம் வழங்கலாம், துணைச் சட்டம் இயற்றலாம். மாநில அரசு உறுதி செய்த பிறகே அந்தத் துணைச் சட்டம் நடப்புக்கு வரும். சாலையோரக் கார் நிறுத்துமிடங்களும் மன்றத்தின் பொறுப்பே. அவை கடைக்காரரின் சொத்தல்ல. பொது இடத்தில் தடை வைப்பது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவின்படி குற்றம். அந்த நாற்காலியும் அதில் அடங்கும்.

பிற நாடுகள் வெவ்வேறு வழியில் போகின்றன. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும். ஜப்பானில் 2018 முதல் ஆண்டுக்கு 180 நாள் என்பது வரம்பு. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. ஆகவே ஜொகூர் பாருவில் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகத்தான் ஆகும்.

எங்கள் குடியிருப்பின் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தது. அதில் இரண்டு தீர்மானங்கள். ஒன்று முழுத் தடை. மற்றொன்று, விருந்தினரின் பெயரையும் கார் எண்ணையும் முன்கூட்டியே பதிவு செய்வது, வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் காவலரிடம் கொடுத்து வைப்பது. நாங்களோ வாடகைக்குக் குடியிருப்பவர்கள். எங்களுக்கு வாக்கு இல்லை. அம்மா குளுவாங்கிலிருக்கும் வீட்டுக்காரரை அழைத்தார். “என்னால் வர முடியாது. எனக்குப் பதிலாக நீங்களே போங்கள்” என்று அவர் பிரதிநிதிப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது என்பதால், அதையும் கட்டிவிட்டார்.

முந்தின இரவு நான் முழுத் தடைக்காக வாதாடினேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்கு என் இடம் கிடைத்தால் போதும். அடுத்தவர் சோற்றில் மண் விழ வேண்டாம்.” அவர் இரண்டாவது தீர்மானத்துக்கு மட்டும் வாக்களித்தார். தடைக்கு நான்கில் மூன்று பங்கு கிடைக்கவில்லை. பதிவுத் தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் எங்கள் இடத்தில் வேறு கார் நின்றது. காவலர் அழைத்த பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டது. பெரியம்மாவின் குடியிருப்பில் மட்டும் முழுத் தடை நிறைவேறியது. இப்போது அவர் மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். வருமானம் குறைந்ததால் அண்ணன் வார இறுதியில் பகுதிநேர வேலைக்குப் போகிறான். விதி நியாயமானதாக இருந்தாலும், அதற்கான விலையை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்பதை அவனைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டு மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பை நின்று படியுங்கள். சட்டம் 171இன் 23ஆவது பிரிவின்படி, மன்றம் வேறு முடிவு எடுத்தாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். வரும் விடுமுறையில் நானும் போகப் போகிறேன். அம்மாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.